நெல்லும் நூற்புழுவும்: வேரைத் தோண்டிப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழு பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாற்றங்காலில் திட்டுத் திட்டாக மஞ்சள். ஜிங்க் சல்பேட் இரண்டு முறை போட்டும் தெளியவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

இலைப் படம் நாலு அனுப்பியிருக்கிறீர்கள், வேர்ப் படம் ஒன்றுகூட இல்லை. நான் எப்படிச் சொல்வது? நாற்றைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பிடுங்கினால் நுனி வேர் அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். முடிச்சு இருப்பது அங்கேதான். மண்ணோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு அலசுங்கள். வேர் நுனி தடித்துக் கொக்கியாக வளைந்திருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அந்த நாற்று நடவு வயலுக்குப் போகவே கூடாது. வேர் நன்றாக இருந்தால் மட்டும் ஜிங்க் பற்றி மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எதிர்ப்புள்ள நெல்லின் வேருக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? (வேளாண் கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி. முதலில் எதிர்ப்பில்லாத வேரைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத இளம்புழு வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் நுழைகிறது. செல்களுக்கு இடையே நுனிவரை இறங்கி, அங்கே திரும்பி, நடுவேயுள்ள சாற்றுக்குழாய்த் திசுவுக்குள் புகுகிறது. சில செல்களைக் குத்தித் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்தச் செல்கள் பிரியாமல், உட்கரு மட்டும் திரும்பத் திரும்பப் பிரிந்து, ராட்சதச் செல்களாகப் பருத்துவிடுகின்றன. பெண்புழு மிச்ச வாழ்நாள் முழுக்க அந்த இடத்திலேயே இருந்து அவற்றை உறிஞ்சும். வேருக்கு உள்ளேயே சில நூறு முட்டை வைக்கும். நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று முடிய மூன்று, நான்கு வாரம் போதும். அதாவது நீண்ட காலச் சம்பாவில் ஐந்து தலைமுறை.

எதிர்ப்பு இந்த வழியில் எங்கே வேண்டுமானாலும் குறுக்கிடலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் பயிராகும் ஒரைசா கிளாபெர்ரிமா என்ற இன்னொரு நெல் இனத்தின் சில வகைகளில் நுழையும் புழுவே குறைவு. நுழைந்த புழுவும் மெதுவாகத்தான் வளர்கிறது, ராட்சதச் செல்கள் சீக்கிரம் சிதைகின்றன. தீனி குறைந்தால் இளம்புழுக்களில் பல ஆணாகிவிடும். ஆண்புழு முட்டை வைக்காது, அத்தோடு கதை முடிந்தது. சீனாவின் சோங்ஹுவா 11 ரகத்தில் புழு தொட்ட செல்கள் தாமாகவே செத்துத் தீனியை அறுத்துவிடுகின்றன. இலங்கையின் எல்டி 24, தாய்லாந்தின் காவ் பாக் மாவ் இரண்டிலும் வலுவான எதிர்ப்பு தெரிந்தது. அதற்குக் காரணமான பகுதி 11-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் கலப்பினச் சந்ததிகளை வைத்துக் கண்டார்கள்.

கேள்வி: "நூற்புழு எதிர்ப்பு ரகம்" என்று விதைக்கடையில் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். பயிர் பச்சையாக நிற்கிறது, விளைச்சலும் குறையவில்லை. எல்லோருக்கும் பரிந்துரைக்கலாமா?

கூடாது. இதைப் பத்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு தடவை எழுதுகிறேன். பச்சையாக நிற்பது எதிர்ப்பு இல்லை, அது தாங்குதிறன். எதிர்ப்பு என்றால் புழு பெருகக் கூடாது. தாங்குதிறன் என்றால் புழு பெருகும், பயிர் மட்டும் வாடாது. இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறவர்கள் மேல் எனக்கு வரும் கோபம் கொஞ்சமல்ல.

தாங்கும் ரகம் தனக்குக் காய்ச்சல் வராமல் ஊருக்கெல்லாம் பரப்புகிறவர் மாதிரி. இந்தப் பருவம் விளைச்சல் வந்துவிடும். வேருக்குள் ஐந்து தலைமுறைப் புழு பெருகியிருப்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த பருவம் வேறு ரகம் போடும்போதும், வரப்பு தாண்டித் தண்ணீர் போகும் பக்கத்து வயலிலும்தான் அது தெரியும். அப்போது விதையைக் குறை சொல்வார்கள், உரத்தைச் சொல்வார்கள், மழையைக்கூடச் சொல்வார்கள்.

எதிர்ப்பை அளப்பதற்கு வழி எளிது. தொட்டியில் எத்தனை புழு விட்டோம், கடைசியில் வேரிலும் மண்ணிலும் எத்தனை எடுத்தோம்? விட்டதைவிடக் குறைந்தால் எதிர்ப்பு, கூடினால் இல்லை. விற்றவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். இலையின் படத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் எந்தப் புழுவுக்கு எதிர்ப்பு என்பதையும் கேட்க வேண்டும். கிளாபெர்ரிமாவில் ஹெட்டரோடெரா சக்காரி என்ற முட்டைக்கூடு நூற்புழுவை (இது வேறு வகை) ஒரே ஒரு மரபணு தடுக்கிறது. அந்த மரபணுவை நம்பி வேர்முடிச்சுப் புழு இருக்கும் வயலில் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். "நூற்புழு எதிர்ப்பு" என்று மொத்தமாகச் சொன்னால் அது விளம்பரம்.

உங்கள் வயலில் நாலு குத்தைத் தோண்டி, திரும்பவும் சொல்கிறேன், பிடுங்காமல் தோண்டி, அலசிப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: பாரம்பரிய ரகங்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு உண்டாமே?

பழைய ரகம் என்பதாலேயே எதிர்ப்பு வந்துவிடாது. நம் ஆசிய நெல்லில், பழையதோ புதியதோ, பெரும்பாலானவை இந்தப் புழுவுக்கு இடம் கொடுப்பவைதான். மேலே சொன்ன தொட்டிச் சோதனைதான் முடிவு சொல்லும்.

கேள்வி: கிளாபெர்ரிமாவில் அவ்வளவு எதிர்ப்பு இருந்தால் நம் நெல்லோடு சேர்த்துவிட வேண்டியதுதானே?

சேர்த்தால் முதல் தலைமுறை பெரும்பாலும் மலட்டுப் பதர். ஆப்பிரிக்காவில் 1990-களில் நெல் விஞ்ஞானி மோன்டி ஜோன்ஸ் குழுவினர் அந்தத் தடையைத் தாண்டி நெரிகா ரகங்களை உருவாக்கினார்கள், பெரிய சாதனை. ஆனால் கலப்பினச் சந்ததிகளில் வேர்முடிச்சுப் புழுவுக்கான முழு எதிர்ப்பு அவ்வளவு சுலபமாக இறங்கி வரவில்லை.

கேள்வி: தண்ணீர் கட்டினால் புழு செத்துவிடுமா?

சாகாது. நிற்கும் தண்ணீரில் இளம்புழு புதிய வேரில் நுழைய முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ளே இருப்பது சுகமாகப் பெருகும். அதனால் நாற்று வேர்பிடிக்கும் முன் நாட்களில் தண்ணீர் நின்றால்தான் பலன். காய்ச்சலும் பாய்ச்சலும் (வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சுவது), நேரடி விதைப்பு இரண்டிலும் இந்தப் புழுவுக்குக் கொண்டாட்டம். தண்ணீர் மிச்சமாகிறது என்று மட்டும் பார்த்து இறங்காதீர்கள். எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில் ஹிர்ஷ்மானியெல்லா என்ற வேர் நூற்புழு வரும். அது முடிச்சு போடாது, வேரைக் குடைந்து பழுப்பாக்கும். அதற்கு மணிலா அகத்தி என்ற பசுந்தாள் பயிர் நல்லது: புழு உள்ளே போகும், பெருகாது.

கேள்வி: இத்தாலியில் நெல்லையே பொறிப் பயிராகப் போடுகிறார்களாமே?

ஆம். பீட்மான்ட் பகுதியில் 2016-ல் வேர்முடிச்சுப் புழு தென்பட்ட பிறகு செய்தார்கள். நெல் விதைத்து, புழு உள்ளே போனதும், முட்டை வைக்கும் முன் பயிரை அழிப்பது. நம் வெப்பத்தில் மூன்று வாரம் தாண்டினால் நீங்களே புழு வளர்த்துக் கொடுத்ததாகும். நாட்காட்டி பார்க்காதவர்கள் முயல வேண்டாம்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் திரவம், லிட்டர் ஆயிரத்துச் சொச்சம். வாங்கலாமா?

அடிப்படை உண்மைதான். நெல்லின் பாதுகாப்பில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற பயிர் ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் அதன் ஒரு வடிவத்தை இலையில் தெளித்தபோது வேரில் முடிச்சு குறைந்தது. சிலிக்கானும் சோதனைகளில் உதவியிருக்கிறது. ஆனால் பாதுகாப்புக்குச் செலவழிக்கும் பயிர் வளர்ச்சியில் கொஞ்சம் இழக்கும். உங்கள் புட்டியில் எது, எத்தனை சதவீதம் என்று அச்சிடவில்லை. வாங்க வேண்டாம்.

கேள்வி: போரேட் குருணை எங்கே கிடைக்கும்?

அந்தப் பூச்சிக்கொல்லி இந்தியாவில் 2020 முடிவோடு தடை செய்யப்பட்டது. கிடைத்தாலும் வாங்காதீர்கள். விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்து விதையுங்கள்.

கேள்வி: நெல்லுக்குப் பின் வெங்காயம் போடலாமா?

வேர்முடிச்சுப் புழு இருக்கும் வயலில் வேண்டாம். பிலிப்பைன்ஸில் நெல்-வெங்காயச் சுழற்சியில் இதே புழு வெங்காயத்தையும் கெடுத்திருக்கிறது. எள் போடுங்கள். கோரையை விட்டு வைக்காதீர்கள், அதிலும் தங்கும்.

கேள்வி: இலை நுனி வெளுத்துச் சுருள்கிறது. வேர்ப் புழுதானே?

இல்லை. அது விதையில் வரும் வேறு நூற்புழு. சுமார் 52 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் விதையை நனைத்து, உடனே ஆறவிட்டு விதையுங்கள். சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், வெப்பமானி நூறு இருநூறு ரூபாய்தான்.