பிக்கப் சீட் கவர்: துணியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: பொலேரோ பிக்கப்பில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். நானும் டிரைவரும் மாறி மாறி ஓட்டுவோம். போன வருடம் போட்ட ரெக்சின் கவர் டிரைவர் சீட்டில் கதவோரமாகக் கிழிந்து ஃபோம் வெளியே வந்துவிட்டது. கடைக்காரர் இந்தத் தடவை 'லெதர் ஃபினிஷ்' போடச் சொல்கிறார், விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. போடலாமா சார்?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம். லெதர் ஃபினிஷ் என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் தோல் கிடையாது, துணியின் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசியது. தொட்டால் மெத்தென்று இருக்கும், சொந்தக் காருக்கு அழகுதான், ஆனால் அதில் மலிவான ரகங்கள் வியர்வையும் ஈரமும் படப்பட செதில் செதிலாக உரியும். உங்கள் வண்டியிலோ மழையில் நனைந்த வேட்டியோடு லோடுமேன் ஏறி உட்காருவார், தக்காளி கிரேட்டிலிருந்து வடிந்த தண்ணீரும் கூடவே வரும். அதற்குத் தாங்குவது பழைய பி.வி.சி. ரெக்சின்தான், கொஞ்சம் கனமானதாக, 1 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்து எடுங்கள். வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் துணி நெருக்கமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும், இழுத்தால் சல்லடையாக விரிகிறது என்றால் அந்த ரோலை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

கதவோரத்தில் கிழிந்தது என்கிறீர்களே, எல்லா வண்டியிலும் அங்கேதான் கிழியும். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு முழுக்க அந்த ஓரத்தில்தான் உரசுகிறது, பின்பாக்கெட்டில் சாவிக்கொத்து இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த ஓரத்துக்கு மட்டும் இரட்டை ரெக்சின் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கூடுதல் செலவு சொற்பம்தான். அப்புறம் நூல். பெரும்பாலும் முதலில் விடுவது தையல்தான், துணி கிழிவது அதற்குப் பிறகு. ஒரு சாண் நூல் கேட்டு வாங்கித் தீக்குச்சி காட்டுங்கள்: பாலியஸ்டரோ நைலானோ என்றால் உருகிச் சின்ன மணியாகத் திரளும், பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் இற்றுவிடும். தையலும் ரொம்ப நெருக்கமாக இருக்கக்கூடாது, ஊசி ஓட்டை நெருங்கிவிட்டால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். இப்போது எல்லாரும் கேட்கிற டைமண்ட் தையல், அதாவது சாய்சதுரக் கட்டம் கட்டமாகப் போடுவது, எனக்குப் பிடிக்காது, அதுவும் உட்காரும் இடத்தில் போட்டால் அத்தனை ஓட்டை வழியாகவும் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கும். உட்காரும் பகுதி ப்ளெயினாக இருக்கட்டும், டிசைன் ஆசை இருந்தால் முதுகு சாய்கிற பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்சினுக்கு எதிரி வெயில். நண்பகலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தினால், அதை வளைந்துகொடுக்க வைக்கிற எண்ணெய்ப் பொருள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, ரெக்சின் விறைத்து வெடிக்கும். தலையில் தேய்க்கிற எண்ணெயும் முதுகுச் சாய்வின் மேல்பகுதியை விறைக்கச் செய்யும். மேலே ஒரு பழைய டர்க்கி டவலைப் போட்டு வாரம் ஒருமுறை துவைத்தால் போதும். துடைப்பதற்குச் சோப்புத்தண்ணீர், அவ்வளவுதான். தின்னர், மண்ணெண்ணெய் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: என்னுடையது குட்டி யானை (டாடா ஏஸ்). சீட் அடியிலேயே இன்ஜின் இருப்பதால் சூடு தாங்கவில்லை. தடிமனான ஃபோம் வைத்துக் கவர் போட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: கொஞ்சம் குறையும், ஆனால் ஃபோம் ஏற ஏறத் தலை கூரையை நெருங்கும், பெடலுக்கும் கால் எட்டாது. முதலில் சீட்டுக்கு அடியில் இருக்கும் சூடு தடுக்கும் விரிப்பு முழுசாக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பல வண்டிகளில் அது கிழிந்துதான் கிடக்கும். கவர் தைக்கிறவரிடமும் ஒன்று சொல்லிவிட வேண்டும்: இன்ஜினைப் பார்க்க சீட்டைத் தூக்கியாக வேண்டும், அதனால் சீட்டையும் பாடியையும் சேர்த்துக் கட்டாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி கொக்கியோ வெல்க்ரோவோ வைக்கட்டும். இல்லையென்றால் முதல் சர்வீஸிலேயே மெக்கானிக் பிளேடை எடுத்துவிடுவார்.

கேள்வி: பக்கவாட்டு ஏர்பேக் உள்ள ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்புக்கு வெளியே தைத்த கவர் போடலாமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: சாய்வின் ஓரத்தில் ஏர்பேக் என்ற எழுத்தோ லேபிளோ இருந்தால் அந்தப் பக்கத்தை மூடித் தைக்கவே கூடாது. விபத்தில் பை அந்த ஓரத்தைக் கிழித்துக்கொண்டுதான் விரியும், கனமான ரெக்சின் அதைத் தடுத்துவிடும். அந்த ஓரம் திறந்திருக்கிற கவர், இல்லையென்றால் உங்கள் மாடலுக்கென்றே ஏர்பேக் விரிய இடம் விட்டுத் தைத்த கவர், இரண்டில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். உள்ளூரில் தைப்பவர் "பார்த்துக்கலாம்மா" என்றால் கேட்காதீர்கள்.

கேள்வி: ஷோரூமில் வந்த பாலித்தீன் உறையை எடுக்காமல் வைத்தால் சீட் புதுசாகவே இருக்குமாமே?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருக்காது. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடித்து நாறும். இன்றைக்கே உரித்துப்போடுங்கள்.