3,000 படம் விழுந்தும் மான் இல்லையா? கேமராவைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: முதுகலை விலங்கியல் படிக்கிறேன். கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமான்களைத் தானியங்கி கேமரா வைத்துக் கணக்கெடுக்க ஆசை. கையில் 10 கேமரா இருக்கிறது. கல்லூரி வளாகத்தில் ஒன்றை நான்கு நாள் கட்டிப் பார்த்தேன்: 3,000 படம், ஏறக்குறைய எல்லாமே வெறும் செடி. கேமரா பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. முதலில் அந்தப் படங்களை நேரவாரியாகப் பிரியுங்கள். காலை 10 முதல் 4 மணிக்குள் குவிந்திருந்தால், வெயிலில் சூடேறிய இலையும் புல்லும் காற்றில் ஆடியதுதான் காரணம். காலையிலோ மாலையிலோ மட்டும் குவிந்தால், லென்ஸ் கிழக்கையோ மேற்கையோ பார்க்கிறது. வடக்குப் பக்கம் திருப்புங்கள். ராத்திரியில் வெற்றுப் படம் என்றால், பெரும்பாலும் விலங்கு வந்து, கேமரா விழிப்பதற்குள் கடந்துவிட்டது.

சென்சார் பார்ப்பது மானை அல்ல. பின்னணியைவிடச் சூடு வேறுபட்ட ஒன்று நகர்வதை. சென்னையின் மே மாத மதியத்தில் தரையே மானின் மேல்தோல் சூட்டை எட்டிவிடும். அப்போது மான் எதிரே நின்றாலும் படம் விழாமல் போகலாம். ஆகவே ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கத்துக்குள் முடியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

புள்ளிமானுக்குத் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் போதும். மரம் சாய்ந்திருந்தால் பின்னால் குச்சி செருகி லென்ஸைத் தரைக்கு இணையாக்குங்கள். எதிரே 5 மீட்டர் வரை புல்லையும் களாச்செடிக் கிளைகளையும் ஒதுக்குங்கள். அதற்குமேல் வெட்டினால் அந்த இடம் மான் நடக்கும் இடமாகவே இருக்காது. ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான், எட்டு போட்டாலும் 9.6. பல கேமராக்களில் இரவு ஃபிளாஷ் இதில் மங்கிவிடும். லித்தியம் விலை அதிகம், ஆனால் ஆய்வுக்கு அதுதான்.

இனி எண்ணிக்கை. படத்தின் எண்ணிக்கை மானின் எண்ணிக்கை ஆகாது. ஒரே மான் அரைமணி நேரம் மேய்ந்தால் நூறு படம் விழும். ஒரே இடத்தில் 30 நிமிட இடைவெளிக்குள் விழுந்த படங்களை ஒரே வருகையாகக் கொள்வது வழக்கம். அதுவும் எந்த இடத்தை எவ்வளவு பயன்படுத்துகின்றன என்றுதான் சொல்லும். புலிக்கு வரிகளை வைத்து ஆள் அடையாளம் காணலாம். கூட்டமாகத் திரியும் மானின் புள்ளிகளை வைத்து அது நடைமுறையில் ஆகாத வேலை.

அடர்த்தி, அதாவது ஒரு சதுர கி.மீ.க்கு எத்தனை மான் என்பது வேண்டுமென்றால், கேமராவிலிருந்து மான் நின்ற தூரத்தை வைத்துக் கணிக்கும் தூர அளவீட்டு முறைக்குப் போங்கள். கேமராவைக் கட்டும் நாளிலேயே 2, 4, 6, 8 மீட்டரில் குச்சி நட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மான் நின்ற தூரத்தை அதோடு ஒப்பிடலாம். இதை மறந்தால் அடர்த்தியைக் கணிப்பது கடினம்.

புலிக் கணக்கெடுப்பில் 2 சதுர கி.மீ. கட்டத்துக்கு ஓரிடம். கிண்டி முழுக்கவே சுமார் 2.7 சதுர கி.மீ.! எனவே 300 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். 30 கட்டம் வரும். 10 கேமராவை 15 இரவு வீதம் மூன்று சுற்று மாற்றினால் 450 கேமரா-இரவு. கட்டத்தின் நடுப்புள்ளிக்கு அருகிலுள்ள மரத்தில்தான் கட்ட வேண்டும். தண்ணீர்த்தொட்டி பக்கம் கட்டினால் படம் குவியும், கணக்கு கோணிவிடும். கிண்டியில் உள்ள இன்னொரு வகையான வெளிமானுக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். திறந்த புல்வெளியில் பைனாகுலரில் நேரடியாக எண்ணுவதே மேல்.

வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆம் பிரிவின்படி தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி கைக்கு வராமல் ஒரு கேமராவும் உள்ளே போகக்கூடாது. கல்லூரிக் கடிதத்தோடு பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

ஒவ்வொரு கேமராவிலும் முதல் படம், இட எண்ணும் தேதியும் நேரமும் எழுதிய அட்டையாக இருக்கட்டும். கேமரா கடிகாரம் தவறியிருந்தால் பிடித்துவிடலாம். ஐந்தாம் நாள் ஒருமுறை சுற்றி வாருங்கள். பேட்டரி அறைக்குள் எறும்பு முட்டையிட்டிருக்கும், அல்லது குரங்கு கேமராவை வானத்தைப் பார்க்கத் திருப்பியிருக்கும்.