பூச்சிப் பக்கம்: பனாமாவில கொடி ஆட்டுற பூச்சியும் நம்மட பப்பாசி மரமும்

கேள்வி: சேர், என்ட தம்பி கப்பல்ல வேல செய்யிறான். பனாமாவில நிண்ட நேரம் எடுத்ததெண்டு ஒரு போட்டோ வட்ஸ்அப்ல அனுப்பியிரிக்கான். கறுப்புப் பூச்சி, பின்னங்கால் ரெண்டிலயும் சிவப்பும் மஞ்சளுமா கொடி கட்டின மாதிரி அகலமா ஒண்டு இரிக்கு. இது வண்டா, வண்ணாத்திப்பூச்சியா?
வாசகி, கல்லடி

பதில்: ரெண்டுமில்ல தங்கச்சி, இது மூட்டுப்பூச்சிக் கூட்டம். போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க, முதுகில செட்டை தொடங்குற இடத்தில ஒரு முக்கோணம் தெரியும், அதுக்குக் கீழ செட்டை ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு குறுக்கால மடிஞ்சு கிடக்கும். வண்டெண்டா முதுகு நடுவால நேர்கோடு ஒண்டு ஓடும், ரெட்டைக் கதவு சாத்தின மாதிரி. மூட்டுப்பூச்சிக்கு முன்செட்டையில உடம்புப் பக்கத்துப் பாதி தோல் மாதிரித் தடிப்பு, நுனிப் பாதி வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. இதாலதான் இந்த வரிசைக்கே ஹெமிப்டெரா எண்டு பேர், கிரேக்கத்தில அரைச்செட்டை எண்டு அர்த்தம். வாயும் கடிச்சுச் சப்புற வாயில்ல, குத்தி உறிஞ்சுற ஊசி, வேல இல்லாத நேரம் நெஞ்சுக்குக் கீழ மடக்கி வச்சிருக்கும்.

உங்கட தம்பி எடுத்தது நீங்க சொல்ற மாதிரி இருந்தா, அங்க மட்டடோர் பூச்சி எண்டு சொல்லுறதுதான். மாட்டுக்கு முன்னால சிவப்புத் துணி ஆட்டுற ஸ்பானியக்காரன்ட பேர் அது. கொடித்தோடை இனத்துக் கொடியில சாறு குடிச்சிட்டு இருந்து அந்தக் கால ஒண்டு மாத்தி ஒண்டு ஆட்டும். விஞ்ஞானப் பேர் பிட்டா அலிபெஸ், அலிபெஸ் எண்டா செட்டைக்கால். முதல்ல இதை அனிசோசெலிஸ் எண்ட பேரினத்திலதான் வச்சிருந்தாங்க, மறுகா வேற பேரினத்துக்கு மாத்தினாங்க, ஆனா அலிபெஸ் எண்ட ரெண்டாவது பேர் 1833ல வச்சபடியே இன்னும் நிக்குது. பேரினம் மாறலாம், வச்ச ரெண்டாவது பேர் போகாது. தம்பிக்கிட்டச் சொல்லுங்க, அடுத்த முறை வயித்துப் பக்கமும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி.

கேள்வி: சேர், நான் வந்தாறுமூலை வளாகத்தில உயிரியல் படிக்கிறன். ஒரு பூச்சி புது இனம் எண்டு எப்பிடித் தீர்மானிக்கிறது? யார் வேணுமெண்டாலும் பேர் வைக்கலாமா?
மாணவி, ஏறாவூர்

பதில்: மகள், இந்தக் கேள்விக்காக எத்தின மாதமாக் காத்திருந்தன் எண்டு தெரியுமா, அதனால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன். ஓம், யார் வேணுமெண்டாலும் வைக்கலாம், பட்டம் தேவையில்ல, ஆனா வேலையைச் சரியாச் செய்யோணும். வில்லியம் லூகஸ் டிஸ்டன்ட் எண்ட மனிசன் லண்டன்ல தோல் பதனிடுற இடத்தில வேல செஞ்சவர். மத்திய அமெரிக்காவில பிடிச்ச மூட்டுப்பூச்சியெல்லாம் பெட்டி பெட்டியா லண்டனுக்கு வர, அதுகள இருந்து பாத்து, வரையப்பண்ணி, பேர் வச்சு 1880ல இருந்து 1893 வரைக்கும் ஒரு பெரிய தொகுதியா வெளியிட்டவர். 63 தொகுதியா வந்த 'பயோலொஜியா சென்ட்ராலி அமெரிக்கானா' எண்ட நூல் வரிசையில அது ஒண்டு. மூட்டுப்பூச்சிப் பகுதியில மிச்சத்தை எழுதி முடிச்சவர் ஜோர்ஜ் சாம்பியன், அவர் 1879ல இருந்து நாலு வருசம் குவாத்தமாலாவிலயும் பனாமாவிலயும் காடு காடா அலைஞ்சு தன்ட கையால பூச்சி பிடிச்ச ஆள். இதுல நமக்கு என்ன எண்டு கேக்கிறீங்களா? அதே டிஸ்டன்ட்தான் மறுகா 1902ல இருந்து 1918 வரைக்கும் இந்தியா, பர்மா, இலங்கை மூட்டுப்பூச்சிகள ஏழு தொகுதியா எழுதினவர். பனாமாப் பூச்சியும் நம்மட வட்டைப் பூச்சியும் ஒரே மேசையில, ஒரே கண்ணுக்குக் கீழதான் வகைப்பட்டிருக்கு. எனக்கு இதை நினைக்கிற நேரமெல்லாம் ஒரு புல்லரிப்பு.

இனி வேலை எப்பிடி எண்டு சொல்றன். போன மார்கழி நான் மண்டூர்ப் பக்கம் வட்டைக்குப் போன நேரம், பால் பிடிச்ச கதிரில நெல் மூட்டுப்பூச்சி ஒண்டு குந்தியிருந்து குத்திக்கொண்டிருந்தது, பிடிச்சுப் போத்தல்ல போட்டு வீட்ட கொண்டு வந்தன். பூச்சியப் பாதுகாத்து வைக்க, வண்டெண்டா வலப்பக்கச் செட்டை மூடியில ஊசி குத்துவாங்க, மூட்டுப்பூச்சிக்கு அந்த முதுகு முக்கோணத்தில, நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கமா ஊசி இறக்கோணும், ஏனெண்டா நடுவில குத்தினா வயித்துப் பக்கத்து அடையாளமெல்லாம் நாசமாப் போயிரும், வலப்பக்கம் கெட்டாலும் இடப்பக்கம் முழுசா இருக்கும். சின்னதுகள ஊசியால குத்த ஏலாது, முக்கோணமா வெட்டின மட்டைத்துண்டு நுனியில பசையால ஒட்டி அந்த மட்டையில ஊசி குத்துறது. நான் ரெஜிபோம் துண்டில குத்தி வச்சிட்டுப் பூதக்கண்ணாடியால பாத்தன், உணர்கொம்பில நாலு கணு, உறிஞ்சுகுழலிலயும் நாலு கணு, காலெல்லாம் நூல் மாதிரி. கீழ லேபல், அதில இடம், திகதி, பிடிச்ச ஆள், எந்தச் செடி. லேபல் இல்லாத பூச்சி முகவரி இல்லாத கடிதம், ஒண்டுக்கும் உதவாது.

புதுசெண்டு சந்தேகம் வந்தா, அந்தப் பேரினத்தில முதல் பேர் வச்சதையெல்லாம் தேடி ஒவ்வொண்டோடயும் ஒப்பிடோணும். இஞ்சதான் வருசக்கணக்கா இழுபடுறது. மேல பாத்தா அச்சு அசல் ஒண்டு மாதிரி இருக்கிற ரெண்டு இனத்தில ஆண்பூச்சிட பின்பக்க உறுப்பு மட்டும் வேற வேற மாதிரி இருக்கும், அதால அந்தப் பகுதியைக் கழட்டிக் காரத்தில ஊறவச்சுச் சதையைக் கரைச்சு நுணுக்குக்காட்டியில வச்சு வரைவாங்க. வேற எண்டு உறுதியானா ஒரு தனிப் பூச்சியைத் தெரிஞ்செடுத்து மூலமாதிரி எண்டு அறிவிக்கிறது, ஹோலோடைப் எண்டு உங்கட புத்தகத்தில கிடக்கும். எந்த நூதனசாலையில வச்சிரிக்கு எண்டும் எழுதோணும். நாளைக்கு நூறு வருசத்துக்குப் பிறகு யாரும் சந்தேகப்பட்டா அந்த ஒரு உடம்பத்தான் போய்ப் பாக்கோணும். விவரணம் எழுதுற நேரம் "அழகான பச்சை" எண்டெல்லாம் எழுதாதீங்க மகள், எந்த இடத்தில பச்சை, செத்த பிறகு மஞ்சளாப் போகுதா, தலை அகலம் எத்தின மில்லிமீற்றர், இத எழுதுங்க.

கேள்வி: சேர், முத்தப்பூச்சி கடிச்சா இதயம் வீங்கிச் சாவாங்க எண்டு ஒரு வீடியோ சுத்துது. மழை நாளில லைட்டுக்கு வாற கறுப்புப் பூச்சி ஒண்டு என்ட மகன்ட கையில குத்திப்போட்டுது, மூணு நாளா எனக்கு நித்திரையே இல்ல.
ஒரு தாய், அக்கரைப்பற்று

பதில்: முதல்ல பயத்தை விடுங்க தங்கச்சி. அந்த வீடியோவில சொல்ற நோய் உண்மை, சாகஸ் நோய் எண்டு பேர், ஆனா அது லத்தீன் அமெரிக்காவில பூச்சியால பரவுற நோய், நம்மட நாட்டில அப்பிடிப் பரவுறதில்ல. 1909ல கார்லோஸ் சாகஸ் எண்ட பிரேசில் டொக்டர், ரயில்பாதை போடுற ஆக்களுக்கு மலேரியா பாக்கப் போன லஸ்ஸான்ஸ் எண்ட ஊரில மண்வீட்டுச் சுவர் வெடிப்புக்குள்ள இருந்து ராவில வந்து ரத்தம் குடிக்கிற மூட்டுப்பூச்சியக் கண்டார், அதுதான் அந்த முத்தப்பூச்சி. முகத்தில கடிக்கிறதால அங்கத்தை ஆக்கள் அதுக்குப் பார்பேரோ, அதாவது சவரம் செய்யிறவன், எண்டு பேர் வச்சிருந்தாங்க. எல்லாரும் நோயைக் கண்டு மறுகா கிருமியத் தேடுவாங்க, இவர் பூச்சிட குடலில கிருமியக் கண்டுபிடிச்சு மறுகாதான் நோயாளியக் கண்டுபிடிச்சார், அது ஒரு சின்னப் பொம்பிளப்புள்ள. இன்னொண்டு, கிருமி கடியால போறதில்ல, பூச்சி குடிச்சிட்டுக் கழிக்கிற கழிவு கடிவாயிலயோ கண்ணிலயோ படுறதாலதான்.

அந்த ரத்தம் குடிக்கிற துணைக்குடும்பத்தில 150க்கு மேல இனம் இரிக்கு, அநேகமா எல்லாம் அமெரிக்கப் பக்கம். ட்ரையடோமா ருப்ரோஃபேசியாட்டா எண்ட ஒண்டு மட்டும் கப்பல் எலியோட சுத்தி ஆசியாவுக்கும் வந்திரிக்கு. ஆனா லைட்டுக்கு வந்து குத்துறது பெரும்பாலும் அதே பெருங்குடும்பத்தில இருக்கிற வேட்டைப் பூச்சி, மத்தப் பூச்சிகளப் பிடிச்சு உறிஞ்சுறது, கையால பிடிச்சா குத்தும், குத்தினா நல்லா நோகும். அடுத்தமுறை ஒரு கண்ணாடிக் கிளாசால மூடிப்போட்டுப் பக்கவாட்டில பாருங்க. வேட்டைப் பூச்சிக்கு உறிஞ்சுகுழல் தடிப்பா, அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கும், ரத்தம் குடிக்கிறதுக்கு மெல்லிசா நேரா தலைக்குக் கீழ ஒட்டிக் கிடக்கும். மகனுக்கு வீக்கம் வத்தாட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, கடியில புண் வந்தாலும் காட்டோணும்தானே.

கேள்வி: பப்பாசியில வெள்ள மா பூசின மாதிரி வாறதும் அமெரிக்காவில இருந்து வந்த பூச்சி எண்டு சொல்றாங்க, உண்மையா ஐயா? பேரைக் கண்டுபிடிச்சு என்ன லாபம், மருந்தடிச்சாப் போகாதா?
விவசாயி, திருக்கோவில்

பதில்: உண்மைதான் அண்ணன். பப்பாசியே அந்தப் பக்கத்து மரம்தான், பூச்சி பிந்தி வந்து சேர்ந்திரிக்கு. பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி, பாராகோக்கஸ் மார்ஜினேட்டஸ், மெக்சிகோ, மத்திய அமெரிக்கா அதுட தாய்வீடு, விவரணம் எழுதிப் பேர் வச்சது 1992ல. 2008ல இலங்கையில கண்டாங்க. பொம்பிளப் பூச்சிக்குச் செட்டையே இல்ல, உடம்பு மஞ்சள், மேல மெழுகு மா, அதனால இதை மூட்டுப்பூச்சிட சொந்தம் எண்டு ஒருத்தரும் நம்பமாட்டாங்க, ஆனா கீழ பாத்தா அதே ஊசி வாய். ஒரு வேலை செஞ்சு பாருங்க, நாலைஞ்ச ஒரு குப்பியில மதுசாரத்துக்குள்ள போட்டு வைங்க, உடம்பு நீலக்கறுப்பா மாறும், மத்த வெண்மூட்டுப்பூச்சி அநேகம் அப்பிடி மாறாது. உறுதிப்படுத்த நுணுக்குக்காட்டி வேணும், ஆனா முதல் சந்தேகத்துக்கு இது போதும்.

மருந்தடிச்சா மெழுகில பட்டு வழிஞ்சு போயிரும், நன்மை செய்யிற பூச்சிதான் சாகும். பேர் தெரிஞ்சதாலதான் அதுட ஊர் தெரிஞ்சது, ஊர் தெரிஞ்சதாலதான் அங்க அதைத் தின்னுற எதிரி தெரிஞ்சது. அசெரோஃபேகஸ் பப்பாயே எண்ட ஒரு தம்மாத்துண்டுக் குளவி, 2009ல இலங்கைக்குக் கொண்டு வந்து விட்டாங்க. அது வெண்மூட்டுப்பூச்சிக்குள்ள முட்டை போடும், குஞ்சு உள்ள இருந்து தின்னும்.

பேர் பிழைச்சா என்ன நடக்கும் எண்டும் கேளுங்க. ஆபிரிக்காவில 1970கள்ல மரவள்ளியை ஒரு வெண்மூட்டுப்பூச்சி அழிச்சுக்கொண்டு போனது, சனத்துட சாப்பாடே அதுதான். மரவள்ளி தென் அமெரிக்காவில இருந்து வந்ததெண்டு தெரிஞ்சு அங்க வடக்குப் பக்கம் போய்த் தேட, அதே மாதிரி ஒரு பூச்சியக் கண்டாங்க, அதுட எதிரிக் குளவியையும் எடுத்தாங்க, சரிவரேல்ல. பிறகு பாத்தா அது வேற இனம். ஒண்டில ஆணும் பெண்ணும் இரிக்கு, ஆபிரிக்காவில இருந்ததில ஆணே இல்லாமப் பெண் மட்டும் பெருகுது, ரெண்டையும் ஒண்டெண்டு நினைச்சதாலதான் காலம் போனது. 1981ல பராகுவேயில சரியான பூச்சியக் கண்டுபிடிச்சு, அதுட குளவி அனாகிரஸ் லோபேசியைக் கொண்டு போய் அதே வருசம் நைஜீரியாவில விட்டாங்க, அது நாடு நாடாப் பரவி மரவள்ளியைக் காப்பாத்தினது. இந்த வேலைக்குத் தலைமை தாங்கின ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. அண்ணன், அந்த ரெண்டு பூச்சியையும் வெறுங்கண்ணால பிரிக்க உங்களாலயும் ஏலாது என்னாலயும் ஏலாது.

கேள்வி: தென் அமெரிக்காவில லைட் மாதிரி எரியிற தலை உள்ள பூச்சி இருக்கா சேர்? எனக்கும் ஒரு புது இனம் கண்டுபிடிக்க ஆசை.
ஏழாம் ஆண்டு மாணவன், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, பூச்சி இரிக்கு, எரியிறது இல்ல. மரியா சிபில்லா மேரியன் எண்ட அம்மா 1699ல சூரினாமுக்குக் கப்பலேறிப் போய்ப் பூச்சிகளப் பாத்துப் பாத்து வரைஞ்சு 1705ல புத்தகம் போட்டவ, நிலக்கடலைக் கோது மாதிரித் தலையுள்ள ஃபுல்கோரா ராவில ஒளி விடும் எண்டு அதுல எழுதினா, பிறகு பாத்தவங்க ஒருத்தரும் அந்த ஒளியக் காணேல்ல, ஆனா லாம்பு எண்ட அர்த்தத்தில லட்டர்னேரியா எண்டு வச்ச பேர் மட்டும் அப்பிடியே நிண்டுட்டுது. பிழையான பேரெண்டாலும் முதல்ல வச்சதெண்டா மாத்த ஏலாது.

புது இனத்துக்கு உன்ட வளவிலயே தொடங்கு. நாயுண்ணிப் பத்தையில இலையைத் திருப்பிப் பாரு, முருங்கையில பாரு, கிணத்தடிப் புல்லில பாரு. பிடிச்சதை அம்மாட்டக் கேட்டு ஒரு சின்னப் போத்தல்ல மதுசாரத்துக்குள்ள போட்டு, ஊர், திகதி, எந்தச் செடி, எத்தின மணி எண்டு பென்சிலால எழுதிப் போத்தலுக்குள்ளயே போடு, பேனாமை மதுசாரத்தில கரைஞ்சு போகும். அஞ்சு போத்தல் சேர்ந்ததும் இந்தப் பக்கத்துக்கு அனுப்பு, நான் ஒவ்வொண்டாப் பாத்து எழுதுறன்.