எலும்பில் இருந்த மார்க்ஸ்

அன்புள்ள ஐயா,

மீன்பிடி பற்றிய உங்கள் பதிவில் ஜோன் ரொபின்சன் என்ற பிரித்தானியப் பொருளியலாளரின் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் இங்கே பொருளியல் படிக்கிறேன். எங்கள் குறிப்புகளில் அவர் ஒரு வரியில் வருகிறார், அவ்வளவுதான். அவர் மார்க்சியர் என்கிறான் ஒரு நண்பன், கெயின்ஸின் ஆள் என்கிறான் இன்னொருவன். எது சரி? நோபல் பரிசு ஏன் கிடைக்கவில்லை?

த., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

இரண்டு நண்பர்களும் சரிதான். 1953இல் ஒரு மார்க்சியருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், உங்களுக்கு மார்க்ஸ் வாயில் இருக்கிறார், எனக்கு எலும்பில் இருக்கிறார் என்று ஒரு போடு போட்டார். முதலாளித்துவத்தை ஒழிக்காமல் அரசின் செலவால் திருத்தலாம் என்ற கெயின்ஸின் வட்டத்தில் இருந்தவர், 1942இல் மார்க்சின் பொருளியல் பற்றித் தனியாக ஒரு சின்னப் புத்தகமே எழுதினார், அதில் ஒரு பொருளின் பெறுமதி அதில் போட்ட உழைப்பே என்ற மார்க்சின் உழைப்புப் பெறுமதிக் கோட்பாட்டை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார். இதனால் இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்கினார்.

ஏச்சு வாங்குவது குடும்பப் பழக்கம் போல. 1918இல் பிரித்தானியப் பிரதமர் படைபலம் பற்றிப் பாராளுமன்றத்துக்குத் தப்பான தகவல் கொடுக்கிறார் என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி, அதோடு இராணுவ வாழ்க்கையை இழந்த ஜெனரல் மொரிஸின் மகள் அவர். 1903இல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார், 1926இல் ஒஸ்டின் ரொபின்சனைக் கட்டிக்கொண்டு இந்தியாவில் உள்ள குவாலியருக்குப் போனார், திரும்பிவந்து கேம்பிரிட்ஜிலேயே காலம் தள்ளினார். பேராசிரியர் பதவி 1965இல்தான் வந்தது, அதற்குள் வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

உங்கள் குறிப்பில் வரும் அந்த ஒரு வரி, நிறைவற்ற போட்டி பற்றிய அவருடைய 1933 புத்தகம். விற்பவர் ஒருவரே என்றால் தனியுரிமை என்கிறோம், வாங்குபவர் ஒருவரே என்றால்? அதற்குப் பெயரே இல்லாததால் கிரேக்கம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு 'மொனொப்சனி' என்று ஒரு சொல் உண்டாக்கினார். அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது என் மாமாதான். ஒரு முதலாளி கொடுத்த முற்பணத்தில்தான் மாமா படகும் எஞ்சினும் வாங்கினார். வட்டி என்று ஒரு சதம் கேட்கவில்லை அந்த மனிதர். ஆனால் மீன் முழுக்க அவருக்கு. விடியற்காலையில் படகு கரையேறும், பெட்டியில் பாரையும் சூரையும் கிடக்கும், தராசும் முதலாளியுடையது, விலையும் அவர் சொல்வது. பக்கத்தில் நிற்கும் லொறிக்காரர் கூடக் கேட்டாலும் மாமா காது கேளாத மாதிரி பெட்டியைத் தூக்கி முதலாளியின் ஆளிடம் கொடுப்பார். தொழிலாளிக்கு அவன் உழைப்பின் பெறுமதியை விடக் குறைவாகக் கூலி கொடுக்க முடிவது எப்படி என்று ரொபின்சன் வளைகோடு போட்டுக் காட்டியது இந்த இடத்தைத்தான். மார்க்சைத் தீவிரமாகப் படிக்க முன்பே எழுதிய புத்தகம் அது என்பதுதான் வேடிக்கை.

அப்புறம் மூலதனச் சண்டை. 1950களில் தொடக்கிவைத்தவர் இவர். படகு, வலை, எஞ்சின், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் கூட்டி "இவ்வளவு மூலதனம்" என்று சொல்ல விலை தெரிய வேண்டும், விலை தெரிய இலாப வீதம் தெரிய வேண்டும், அந்த இலாப வீதத்தைத்தானே மூலதனத்தின் அளவை வைத்து விளக்க வந்தீர்கள் என்று வழக்கமான பாடப்புத்தகப் பொருளியலாளர்களிடம் கேட்டார். 1966இல் எதிர்த்தரப்பின் பெரிய தலையான அமெரிக்கப் பொருளியலாளர் சாமுவேல்சன் அந்தச் சண்டையின் முக்கியமான ஓர் இடத்தில் பிழையை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு சரி, பாடப்புத்தகங்கள் பழைய வழியிலேயே போய்க்கொண்டிருக்கின்றன, உங்களுடையதும்தான்.

நோபல் விஷயம். 1975 சர்வதேசப் பெண்கள் ஆண்டு, அந்த வருடம் இவருக்குத்தான் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கன்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் போனது. பொருளியலில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பரிசு கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் என்பதாலா, இடதுசாரி என்பதாலா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். சீனாவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். மாவோவின் கலாசாரப் புரட்சியைப் புகழ்ந்து 1969இல் புத்தகம் போட்டார், அதற்கு முன் வட கொரியாவை அதிசயம் என்று எழுதினார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதை நம்பிவிட்டார். கேம்பிரிட்ஜில் யார் சொன்னதையும் கேள்வி கேட்காமல் விடாத மனுஷி அங்கே கேட்கவில்லை, அதற்கு நான் சாட்டுச் சொல்லப் போவதில்லை.

இலங்கைக்கும் வந்தார், 1950களின் கடைசியில். மரத்தை நட முன்பே பழத்தை ருசி பார்த்த நாடு என்று நம்மைப் பற்றிச் சொன்னது அவர்தான், உற்பத்தியைப் பெருக்க முன்பே மக்கள் நலனுக்குச் செலவழித்துவிட்டோம் என்பது அதன் பொருள். கொழும்பில் சிக்கனம் பேசுகிறவர்கள் இன்றும் அதை எடுத்து விடுவார்கள். கூப்பன் அரிசியில் வளர்ந்து, இலவசக் கல்வியில் படித்து, மாமாவின் படகுக்குப் போகாமல் தப்பியவன் நான், எனக்கு அந்த வாசகம் பிடிக்காது. அந்தப் பழத்தைத் தின்றதால்தான் அவருடைய புத்தகத்தையே வாசிக்க முடிந்தது.

முதலில் 1942 புத்தகத்தை எடுங்கள், மெல்லியது, ஒரு கிழமையில் முடிக்கலாம். 1933 புத்தகத்தில் வரைபடங்கள் பயமுறுத்தும், கூலி பற்றிய பகுதிக்கு நேரே போய்விடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் விடிய ஐந்து மணிக்குக் கரைக்குப் போய், தராசு யாருடையது என்று பார்த்துவிட்டு வந்தால் நல்லது.