டிரிப் ஆகிறதென்று பெரிய எம்.சி.பி. போடலாமா?

கேள்வி: மதுரை யானைமலை அருகே ஒத்தக்கடையில் எங்கள் வீடு பழையது. சமையலறை பிளக் பாயிண்ட் எல்லாவற்றுக்கும் ஒரே லைன்தான்: 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்). இண்டக்‌ஷன் அடுப்பும் மைக்ரோவேவ் ஓவனும் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் சற்று நேரத்தில் டிரிப் ஆகிறது. 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் ஒயரை. 2000 வாட் இண்டக்‌ஷன் 9 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டில் ஆறரை, ஓவன் சுமார் 6. மொத்தம் இருபத்தொன்றைத் தாண்டுகிறது. எம்.சி.பி.யின் அளவே 30 டிகிரி வெப்பத்தைக் கணக்கில் வைத்துச் சொல்வது. சித்திரை வெயிலில், எம்.சி.பி.க்கள் இருக்கும் டிபி பாக்ஸ் சூடேறினால் இன்னும் சீக்கிரமே விழும். அதன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது. 32 போட்டால் அது பேசாமல் இருந்துவிடும், ஒயர் உள்ளுக்குள் வேகும். இன்சுலேஷன் உருகிப் புகை வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது, டிபி பாக்ஸிலிருந்து தனி லைன். இண்டக்‌ஷனுக்கு மட்டும் 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் 16 ஆம்பியர் பவர் பாயிண்டும் வையுங்கள். ஓவனும் கெட்டிலும் மிக்சியும் பழைய லைனிலேயே ஓடட்டும், 16 எம்.சி.பி. அப்படியே இருக்கட்டும். முடிந்தால் ஃபிரிட்ஜுக்கும் தனி லைன் கொடுத்துவிடுங்கள். மற்றது டிரிப் ஆனாலும் மாவும் பாலும் கெடாது. பழைய பைப்பில் ஒயர் நுழையாவிட்டால் சுவரை உடைக்க வேண்டாம், மேலேயே கேசிங் பட்டி அடித்துக் கொண்டுபோகலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் இண்டக்‌ஷனைச் செருகாதீர்கள்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்வேன். ஈரக் கையோடு புழங்கும் இடம் சமையலறை. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். ஓவர்லோடை எம்.சி.பி. பார்க்கும், ஷாக் அடிக்கும் அளவு கசிவை ஆர்.சி.சி.பி.தான் பிடிக்கும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும்.

அப்புறம் எர்த். சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக முறுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர் உடம்பிலேயே கரண்ட் நிற்கும். கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். யானைமலை அடிவாரத்தில் பாறை தட்டும் மண் என்றால் கோடையில் எர்த் இன்னும் பலவீனமாகும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரால் அளந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.