சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள அப்பாவுக்கு நடந்தா மூச்சு வாங்குது, பயிற்சியை நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம். புளோக் கீழே ஐந்து நிமிஷம் நடந்ததுமே அப்பாவுக்கு மூச்சு வாங்குதுன்னு எழுதியிருக்கீங்க. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் ஓரளவு மூச்சு வாங்கத்தான் வேணும். மூச்சு எவ்வளவு வாங்குதுன்னு அவரே 0 (இல்லவே இல்லை) முதல் 10 (தாங்க முடியலை) வரை சொல்ற போர்க் அளவில் 3, 4 என்றால் சரி.

பெரும்பாலும் வேகம்தான் காரணம். சிஓபிடியில் மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதால் உள்ளே போன காற்று முழுசா வெளியேறாது. வேகமா நடந்தா அடுத்த மூச்சுக்கு இடமே இருக்காது. மூக்கால் இழுத்து, சுடச்சுடக் கோப்பியை ஊதுற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்லுங்க.

ஒண்ணு செய்து பாருங்க: இரண்டு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் பெஞ்சில் ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. சமாளிச்சார்னா நடை நேரத்தை மெல்லக் கூட்டலாம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் ஆக்சிமீட்டர் 88 சதவீதத்துக்குக் கீழே போனா உட்கார வைங்க, பிசியோவிடம் சொல்லுங்க. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சில சமயம் கூடுதலாகக் காட்டும். எண்ணை மட்டும் நம்பாதீங்க.

முன்பைவிடத் திடீர்னு மோசமானா, சளி நிறம் மாறினா டாக்டரைப் பாருங்க. நெஞ்சுவலி, நீல உதடு, உட்கார்ந்தும் அடங்காத மூச்சு என்றால் உடனே 995-க்கு (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) கூப்பிடுங்க.