சுமார் 50,000 ரூபாய்ல வீட்டுக்கு கூலிங், ஹீட்டிங்: ஓசூர் வாசகிக்கு என்னோட பதில்

ஓசூர்ல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. சொந்த வீடு, முதல் மாடி, மேல மொட்டை மாடி. பெட்ரூம் 10க்கு 12, மேற்கு சுவர்ல நல்லா வெயில் அடிக்குது. வீட்டுல ரெண்டு வயசு குழந்தையும் எழுபது வயசு மாமியாரும் இருக்காங்க. மார்ச் வந்தா ராத்திரி தூங்க முடியல, டிசம்பர் ஜனவரில மாமியாருக்கு குளிர்ல மூட்டுவலி. கடையில 1.5 டன் 5 ஸ்டார் ஹாட் அண்ட் கோல்ட் ஏசி ஒண்ணு போட்டா ரெண்டுக்கும் ஆச்சுன்னு சொல்லி 55,000 ரூபா, இஎம்ஐல எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க. கையில இருக்கறது 50,000. ரெண்டு மாச கரண்ட் பில் வழக்கமா 340 யூனிட் வருது. கூலர் போதுமா, அந்த ஏசியே வாங்கலாமான்னு கேக்குறாங்க.

சகோதரி, அந்த ஏசிய வாங்காதீங்க. மெஷின்ல குறை இல்ல, உங்க ஊருக்கும் உங்க ரூமுக்கும் அது தேவையில்ல. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏப்ரல்ல பகல் 36, 37ன்னு போனாலும் ராத்திரி வெளிய 22 டிகிரி பக்கம் இறங்கிடும், சென்னைக்காரங்களுக்கு இது கிடைக்காத வரம். அப்போ வெளிய சிலுசிலுன்னு இருக்கறப்ப உங்க ரூம் மட்டும் ஏன் வேகுதுன்னா அதுக்கு காரணம் உங்க தலைக்கு மேல இருக்கற கான்கிரீட். அஞ்சு இன்ச் ஸ்லாப் பகல் பூரா வெயில வாங்கி வச்சுக்கிட்டு சாயங்காலத்துக்கு மேல மெதுவா உள்ள இறக்கும், அது நடுராத்திரி தாண்டியும் ஓயாது.

இத நீங்களே பாத்துடலாம். ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்டூல் மேல ஏறி சீலிங்ல உள்ளங்கைய வைங்க, அப்புறம் மேற்கு சுவர்ல வைங்க, அப்புறம் உள்பக்க சுவர் ஏதாவது ஒண்ணுல வைங்க. சீலிங் கதகதன்னு இருந்து உள்சுவர் சாதாரணமா இருந்தா முதல் செலவு மாடிக்குத்தான். மேற்கு சுவரும் சுட்டா அதுக்கு வெளிப்பக்கம் நிழல் வேணும், பச்சை ஷேட் நெட் ஒரு அடி தள்ளி கட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும். உள்ள கனமா திரை போடறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, ஏன்னா சூடு சுவரையும் கண்ணாடியையும் தாண்டி உள்ள வந்தாச்சு.

மாடிக்கு என்ன பண்ணலாம்னா, கூல் ரூஃப் பெயிண்ட்னு வெள்ளையா வரும், டப்பால எஸ்.ஆர்.ஐ. னு, வெயில எவ்வளவு திருப்பி அனுப்புதுன்னு காட்டற ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அது 100க்கு மேல இருக்கறதா பாத்து வாங்குங்க. வீடு முழுக்க வேணாம், பெட்ரூமுக்கும் ஹாலுக்கும் மேல சுமார் 350 சதுர அடி அடிச்சா போதும், பெயிண்டும் கூலியும் சேர்ந்து ஏழெட்டாயிரத்துக்குள்ள முடியும். அதுக்கும் கை கடிச்சா நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்புல பசை கலந்து ரெண்டு கோட் அடிங்க, செலவு ரொம்ப கம்மி, ஆனா ஒவ்வொரு வருஷமும் திரும்ப அடிக்கணும். எது அடிச்சாலும் முதல்ல பாசியெல்லாம் சுரண்டி கழுவி நல்லா காய விட்டு, விரிசல் இருந்தா அடைச்சுட்டு அடிங்க, முதல் கோட் நீளவாக்குல, ரெண்டாவது அகலவாக்குல. பிப்ரவரி சரியான நேரம், பனி குறைஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது. அப்புறம் இது பெரும்பாலும் யாரும் சொல்லாத விஷயம், வெள்ளை மாடில தூசி படிஞ்சா வெயில திருப்பி அனுப்பற வேலை நல்லாவே குறைஞ்சு போகும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது வெயிலுக்கு முன்னாடி தேச்சு கழுவி விடுங்க. இப்படி பண்ணா ரூம்ல ரெண்டு மூணு டிகிரி குறையும்னு எதிர்பாக்கலாம், சீலிங்ல இருந்து அடிக்கற அந்த அனல் போறதுதான் இன்னும் பெரிய ஆறுதல். குளிர்காலத்துல ரூம் ஒரு பொட்டு கூடுதலா குளிரும், அது உண்மைதான், அதுக்கு கீழ வழி சொல்றேன்.

அடுத்து ராத்திரி காத்து. மேற்கு சுவர்ல உயரமா 12 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு, 2,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும், 50 வாட் மாதிரிதான் இழுக்கும். கிழக்கு பக்கத்து ஜன்னல்ல கொசுவலை அடிச்சு, வெளிய குளிர்ந்ததும் ஏழரை எட்டு மணிக்கு மேல ஜன்னல திறந்து எக்ஸாஸ்ட் போட்டீங்கன்னா வெளிக்காத்து உள்ள வந்து சுவர், கட்டில், பீரோ எல்லாத்தோட சூட்டையும் இழுத்துட்டு போகும். காலைல எட்டு மணிக்கெல்லாம் எல்லா ஜன்னலையும் மூடிடணும், இது ரொம்ப முக்கியம், பகல்ல காத்து வரட்டும்னு திறந்து வச்சா ராத்திரி சம்பாதிச்ச குளிர்ச்சி பூரா போயிடும். இதையே சென்னையில இருக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், அங்க ராத்திரி காத்தே புழுக்கமாத்தான் வரும்.

ஃபேன மாத்துங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் அதே காத்த 30 வாட்ல குடுக்கும், ஒண்ணு 3,000 ரூபா பக்கம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுதுன்னு வச்சா ரெண்டு மாசத்துக்கு ஒரு ஃபேன்ல 32 யூனிட் மிச்சம், ரெண்டு ஃபேன் மாத்தினா 65 யூனிட் கிட்ட. இந்த 65 கீழ எங்க வந்து உதவுதுன்னு பாருங்க.

கூலர் கேட்டீங்க. ஓசூர்ல மார்ச் ஏப்ரல் பகல் காத்து வறண்டு இருக்கும், அந்த நேரத்துல கூலர் நிஜமாவே வேலை செய்யும், 36 டிகிரில ஈரப்பதம் 25 சதவீதம் இருந்தா கூலர்ல இருந்து 25 டிகிரி பக்கம் காத்து வரும், கரண்டும் 150, 200 வாட்தான். அதே 36 டிகிரி சென்னையில 60 சதவீத ஈரத்தோட இருந்தா 30க்கு கீழ வர்றதே கஷ்டம். உங்க ஊர்லயும் மே மாசம் மழை ஆரம்பிச்சதும் கூலர் உடம்ப பிசுபிசுக்க வச்சிடும். மாமியார் பகல்ல ஹால்ல இருப்பாங்கன்னா ஒரு கூலர் நல்லது, ஆனா ஜன்னல் திறந்திருக்கணும், மணிக்கு சில லிட்டர் தண்ணி குடிக்கும், வாரம் ஒரு தடவை தொட்டிய காலி பண்ணி தேய்க்கலன்னா டெங்கு கொசு அதுலயே முட்டை போடும். கோடையில தண்ணி லாரிக்கு காத்திருக்கற தெருவா இருந்தா கூலர் வேண்டாம்னுதான் சொல்வேன். ஏசி ஓடற ரூம்ல கூலரையும் சேத்து போடறாங்க சில பேர், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, கூலர் விடற ஈரத்த எடுக்கறதுக்கே ஏசி கரண்ட்ட தின்னும்.

மாடி, எக்ஸாஸ்ட், ரெண்டு ஃபேன், இதுவரைக்கும் 16,000 ஆச்சு. முடிஞ்சா இதோட ஒரு மார்ச் மாசத்த ஓட்டி பாருங்க, நிறைய பேருக்கு இதுவே போதும். குழந்தைக்கு வேர்க்குரு வருது, முடியலன்னா மட்டும் ஏசிக்கு போங்க, அதுவும் 1 டன். 120 சதுர அடிக்கு 1.5 டன் சொல்றது மேல் மாடி சூட்ட பயந்துதான், அந்த சூட்ட நீங்க வெளியவே நிறுத்தியாச்சே. ஆனா 1 டன்னு ஸ்டிக்கர்ல எழுதியிருக்கறத மட்டும் நம்பாதீங்க, பி.இ.இ.ங்கற மத்திய அரசோட மின்சிக்கன அமைப்பு தர்ற ஸ்டார் லேபிள்ல கூலிங் கெபாசிட்டின்னு வாட்ல ஒரு நம்பர் இருக்கும், சரியான 1 டன்னா 3,500 வாட் பக்கம் வரணும், 3,200 போட்டும் 1 டன்னு விப்பாங்க. நீங்க 3,400க்கு மேல இருக்கறதா எடுங்க, இன்வெர்ட்டர் மாடலா (பேட்டரி இன்வெர்ட்டர் இல்ல, தேவைக்கு தக்க கம்ப்ரசர் வேகத்த கூட்டிக் குறைக்கறது), காப்பர் காயிலா இருக்கட்டும்.

இப்ப ஸ்டார் விஷயம். அதே லேபிள்ல வருஷத்துக்கு இத்தனை யூனிட்னு போட்டிருக்கும், அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினா ஆகற கணக்கு. நீங்க மார்ச் நடுவுல இருந்து மே கடைசி வரைக்கும், ராத்திரி ஏழு மணி நேரம்னு வச்சா 75 ராத்திரி, 525 மணி நேரம்தான், அதாவது அதுல மூணுல ஒரு பங்கு. உதாரணத்துக்கு 3 ஸ்டார்ல 680ன்னும் 5 ஸ்டார்ல 530ன்னும் போட்டிருந்தா உங்களுக்கு ஆகறது 227, 177, வித்தியாசம் வருஷத்துக்கு 50 யூனிட். யூனிட் 9 ரூபான்னு போட்டாலும் 450 ரூபா. 5 ஸ்டாருக்கு ஆறேழாயிரம் கூட குடுக்கறீங்க, அது திரும்பி வர்றதுக்குள்ள ஏசியே பழசாயிடும். அதனால உங்களுக்கு 3 ஸ்டார். மெட்ராஸ்லயோ தூத்துக்குடிலயோ எட்டு மாசம் ஏசி ஓட்டறவங்களுக்கு இதே கணக்கு தலைகீழா வரும், அவங்க 5 ஸ்டார்தான் வாங்கணும். இன்னொண்ணு, இந்த ஸ்டார் அளவுகோல அப்பப்ப கடுமையாக்கறாங்க, பழைய ஸ்டாக்கோட 5 ஸ்டாரும் புது லேபிள் 5 ஸ்டாரும் ஒண்ணு இல்ல, லேபிள்ல எந்த வருஷம் வரைக்கும் செல்லும்னு போட்டிருக்கும், பாத்துட்டு, ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சின்னு காட்டற ஐ.எஸ்.இ.இ.ஆர். நம்பர வச்சே ஒப்பிடுங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஏசிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, பழைய விலைப்பட்டியல காட்டி தள்ளுபடின்னு சொன்னா ஏமாறாதீங்க.

பில்லுக்கு வருவோம். அந்த 680 யூனிட் ஏசி மணிக்கு 0.42 யூனிட் மாதிரி, ராத்திரி ஏழு மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு கிட்டத்தட்ட 180. உங்க 340ஓட சேத்தா 520. தமிழ்நாட்டுல 500 யூனிட் தாண்டினா மேல இருக்கற 20 யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறும்னு நெனைக்காதீங்க, 101ல இருந்து 200 வரைக்கும் கிடைக்கற மலிவு ரேட்டும் கைய விட்டு போயிடும், மேல போற யூனிட் ஒவ்வொண்ணும் 8 ரூபாய்க்கு மேல. இங்கதான் ஃபேன்ல மிச்சம் பிடிச்ச 65 யூனிட் கைகொடுக்குது, 520 போய் 455ல நிக்கும். ஏசிய 26ல வச்சு மேல ஃபேன ஒண்ணுல ஓட விட்டா இன்னும் குறையும், ஒரு டிகிரி ஏத்தினா ஏறக்குறைய 6 சதவீத கரண்ட் மிச்சம்னு பி.இ.இ.யே சொல்லுது.

ஏசி விலை 30,000 பக்கம், மாட்டறதுக்கு ஒரு 3,000 வைங்க. மாட்டறப்ப நீங்க பக்கத்துலயே நில்லுங்க, ஏசியோட ஆயுசு அந்த ரெண்டு மணி நேரத்துலதான் இருக்கு. பைப் ஜாயின்ட் பண்ணினதும் வேக்கும் பம்ப் போட்டு உள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கணும், குறைஞ்சது கால் மணி நேரம் ஓடணும். நிறைய பேர் பம்ப் கொண்டு வராம, வால்வ கொஞ்சம் திறந்து உள்ள இருக்கற கேஸையே புஸ்ஸுன்னு விட்டு காத்த தள்ளிட்டு முடிச்சாச்சும்பாங்க. அப்படி பண்ணா ஈரம் உள்ளயே தங்கி கம்ப்ரசர தின்னும், இப்ப வர்ற ஆர்32 கேஸ் லேசா தீப்பிடிக்கற வகை வேற, வீட்டுக்குள்ள விடக்கூடாது. சோப்பு நுரை வச்சு ஜாயின்ட்ல லீக் பாக்க சொல்லுங்க. அவுட்டோர் யூனிட் மேற்கு வெயில்ல நிக்காம, சுத்தி காத்தோட்டமா இருக்கட்டும். ஏசிக்குன்னு தனி வயர், தனி எம்.சி.பி. (லோடு கூடினா தானா ஆஃப் ஆகற சுவிட்ச்), எர்த் கட்டாயம். அப்புறம் வருஷா வருஷம் கேஸ் டாப்-அப் பண்ணணும்னு யாராவது வந்தா பணம் குடுக்காதீங்க, கேஸ் மூடின பைப்புக்குள்ள சுத்தறது, அது குறைஞ்சா எங்கயோ லீக், முதல்ல லீக்க அடைக்கணும். நீங்க பண்ண வேண்டியது ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டர கழட்டி குழாயடியில காட்டறது மட்டும்தான்.

குளிருக்கு வர்றேன். ஹாட் அண்ட் கோல்ட் ஏசி ஒரு யூனிட் கரண்ட்ல மூணு யூனிட் அளவுக்கு சூடு குடுக்கும், சாதா ஹீட்டர் ஒண்ணுக்கு ஒண்ணுதான், அதனால ஊட்டி, கோத்தகிரின்னா யோசிக்காம அதையே வாங்க சொல்வேன். உங்களுக்கு கஷ்டமான ராத்திரி டிசம்பர் ஜனவரில ஒரு 45 இருக்குமா, 1,000 வாட் ஃபேன் ஹீட்டர தூங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் போட்டா மொத்தமே 90 யூனிட், ஹாட் அண்ட் கோல்ட்ல 30. மிச்சம் 60 யூனிட், குளிர்காலத்துல ஏசி ஓடாததால கரண்ட் ரேட்டும் கீழ இருக்கும், யூனிட் 5 ரூபான்னா 300 ரூபா. அந்த 300க்காக ஏசி விலையில பல ஆயிரம் கூட குடுக்க வேண்டாம். ஃபேன் ஹீட்டர் 2,000 ரூபாய்க்குள்ள வாங்கிடலாம். டிசம்பர்ல சூரியன் தெக்குப் பக்கமா சாஞ்சு போகும், தெக்கு ஜன்னல் இருந்தா பகல்ல திரைய முழுக்க விலக்கி வெயில உள்ள விடுங்க, நாலு மணிக்கு மூடிடுங்க.

மாமியாரோட மூட்டுவலிக்கு ரூமையே சூடாக்கறத விட வலிக்கற எடத்துக்கு மட்டும் சூடு குடுக்கறது ரொம்ப நல்லது, எலக்ட்ரிக் ஹீட்டிங் பேட் ஆயிரம் ரூபா பக்கம்தான், 50, 60 வாட்தான் இழுக்கும். அவங்களுக்கு சுகர் இருந்து கால் மரத்துப்போற தொந்தரவு இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட கேக்காம வைக்காதீங்க, சுடறது தெரியாமலே தோல் வெந்துடும். குழந்தை நடமாடற வீட்டுல சிவப்பா எரியற கம்பி ஹீட்டர் வேண்டவே வேண்டாம். கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சுட்டு கதவ சாத்தறது எந்த காலத்துலயும் கூடாது, கொடைக்கானல் பக்கம் அப்படி தூங்கி கார்பன் மோனாக்சைடுல உயிர் விட்டவங்க இருக்காங்க, அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. ஃபேன் ஹீட்டர சுவர்ல இருக்கற 16 ஆம்ப் பிளக்லயே நேரா சொருகுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடாதீங்க, மெத்தை, திரையில இருந்து மூணு அடி தள்ளி வைங்க, எல்லாரும் தூங்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிடுங்க.